நீதிமன்றக் கதவைத் திறந்தவரும் மூடியவரும்: நீதியரசர் பி.என். பகவதி

இந்தியாவின் முன்னாள் பிரதம நீதியரசர் பி.என். பகவதியின் பெயர் இலங்கைப் பத்திரிகை வாசகர்களுக்குப் பரவலாக அறிமுகமானது 2007ஆம் ஆண்டிலாகும். பாரதூரமான மனித உரிமை மீறல்கள் எனக் குறிப்பிடப்பட்ட 16 சம்பவங்களை விசாரிப்பதற்கென அன்றைய ஜனாதிபதி மஹிந்த ராஜபக்ஷ 2006 நவம்பரில் ஆணைக்குழுவொன்றை நியமித்திருந்தார். அவ்விசாரணைகள் சர்வதேச நியமங்களுக்கு அமைய நடைபெறுகின்றனவா என்பதை அவதானிப்பதற்காக வெளிநாட்டவர்கள் 11 பேரைக் கொண்ட சர்வதேச சுயாதீன முக்கியஸ்தர்கள் குழுவொன்று அழைக்கப்பட்டது. அக்குழுவின் தலைவராக இருந்தவர் பகவதி. அப்போது அவருக்கு வயது 85.

அந்த வயதிலும் அவரைத் தேடி இத்தகைய பொறுப்புகள் வந்தமைக்குக் காரணம் உண்டு. பொதுநல வழக்கு என்று இன்று தெற்காசியா முழுவதும் அறியப்படும் வழக்கு முறையை உருவாக்கியவர்களில் முதன்மையானவர் என அவர் உலகெங்கும் மதிக்கப்பட்டார். ஒரு அஞ்சலட்டையை மனுவாக ஏற்றுக்கொண்ட நீதியரசர் என்று சட்டக் கல்லூரிகளில் அவரைப் பற்றிக் கற்பிக்கிறார்கள். ஆனால் அதே சட்டக் கல்லூரிகளில், இந்திய உச்ச நீதிமன்றத்தின் வரலாற்றிலேயே மிக இருண்ட தீர்ப்பு எனக் கற்பிக்கப்படும் 1976ஆம் ஆண்டுத் தீர்ப்பிலும் அவரது கையொப்பம் இருக்கிறது. இவ்விரண்டில் ஒன்றை மாத்திரம் கூறி மற்றையதை விட்டுவிடுவது அவரைப் புகழ்வோருக்கும் இகழ்வோருக்கும் இலகுவாக இருந்து வந்துள்ளது. இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்பது எமது எண்ணம்.

(எமது நாட்டில் உயர் நீதிமன்றம் என வழங்கப்படுவது இந்தியாவில் உச்ச நீதிமன்றம் எனப்படுகிறது. மாநிலங்களில் அதற்கு அடுத்த நிலையிலுள்ளவற்றை இக்கட்டுரையில் மேல் நீதிமன்றம் என்றே குறிப்பிடுகிறோம்.)

பிரபுல்லசந்திர நட்வர்லால் பகவதி 1921 டிசம்பர் 21ஆம் திகதி குஜராத்தின் அகமதாபாத் நகரில் பிறந்தார். தந்தையார் நட்வர்லால் பகவதியும் உச்ச நீதிமன்ற நீதியரசராகப் பதவி வகித்தவர். சகோதரர்களில் ஒருவரான ஜகதீஷ் பகவதி சர்வதேச வர்த்தகம் பற்றிய ஆய்வுகளால் உலகப் புகழ் பெற்ற பொருளியல் அறிஞர். வசதியும் கல்வியும் நிறைந்த இக்குடும்பத்தில் பிறந்தவர் பின்னாளில் கல்லுடைக்கும் தொழிலாளர்களின் வழக்கைக் கேட்டவர் என்பது கவனிக்கத்தக்கது. பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் கணிதம் பயின்ற அவர், 1942இல் 'வெள்ளையனே வெளியேறு' இயக்கத்தில் ஈடுபட்டுச் சில மாதங்கள் தலைமறைவாகவும் இருந்தார். அதன் பின்னரே பம்பாய் அரச சட்டக் கல்லூரியில் சட்டம் பயின்று, பம்பாய் மேல் நீதிமன்றத்தில் தொழில் புரியத் தொடங்கினார்.

1960இல் குஜராத் தனி மாநிலமானபோது அங்கு அமைந்த மேல் நீதிமன்றத்தின் நீதியரசரானார். 1967இல், தமது 45ஆவது வயதில், அதன் பிரதம நீதியரசராக உயர்ந்தார். ஏழைகளுக்குச் சட்ட உதவி வழங்குவது பற்றி ஆராய அம்மாநில அரசு 1970இல் நியமித்த குழுவுக்கு அவரே தலைவர். நீதிமன்றத்தின் படிக்கட்டை மிதிக்க அஞ்சும் மக்களைப் பற்றிய சிந்தனை அவருக்கு டெல்லிக்குச் செல்லும் முன்னரே இருந்தது என்பதற்கு இது சான்று. 1973 ஜூலையில் உச்ச நீதிமன்ற நீதியரசராக நியமிக்கப்பட்டார்.

அங்கு அவர் எழுதிய ஆரம்பகாலத் தீர்ப்புகளில் ஒன்று தமிழ்நாட்டைச் சேர்ந்தது. மாநிலத்தின் தலைமைச் செயலாளராக இருந்த ஈ.பி. ராயப்பா வேறு பதவிக்கு மாற்றப்பட்டதை எதிர்த்துத் தொடுத்த வழக்கு அது. 1973இல் தீர்ப்பளிக்கப்பட்ட அவ்வழக்கில் ராயப்பாவுக்கு வெற்றி கிட்டவில்லை. எனினும் சமத்துவம் என்பதற்குப் பகவதி புதிய பொருள் கூறினார். ஒரே நிலையிலுள்ள இருவரை வேறுவேறாக நடத்துவது மாத்திரம் சமத்துவ மீறல் அன்று. அதிகாரத்தில் இருப்பவர் மனம்போன போக்கில் செயற்படுவதே சமத்துவத்துக்குப் பகையானது என்றார். வழக்காளி தோற்றார், கோட்பாடு நிலைத்தது.

இந்நிலையில்தான் 1975 ஜூன் 25ஆம் திகதி இரவு பிரதமர் இந்திரா காந்தியின் ஆலோசனையின் பேரில் அவசரகாலநிலை பிரகடனப்படுத்தப்பட்டது. எதிர்க்கட்சித் தலைவர்களும் தொண்டர்களும் ஆயிரக்கணக்கில் தடுப்புக்காவலில் வைக்கப்பட்டனர். உயிருக்கும் ஆள் சுதந்திரத்துக்கும் பாதுகாப்பளிக்கும் உறுப்புரையின் கீழ் நீதிமன்றத்தை நாடும் உரிமை ஜனாதிபதியின் கட்டளையால் இடைநிறுத்தப்பட்டது. தடுத்து வைக்கப்பட்டோரின் குடும்பத்தினர் ஆட்கொணர்வு மனுக்களுடன் மேல் நீதிமன்றங்களுக்குச் சென்றனர். ஒன்பது மேல் நீதிமன்றங்கள் அம்மனுக்களைக் கேட்கத் தமக்கு அதிகாரம் உண்டு என்று கூறின. தடுப்புக் கட்டளை சட்டப்படி பிறப்பிக்கப்பட்டதா, ஆள் மாறிக் கைது நடந்ததா, தீய நோக்கம் உள்ளதா என்பவற்றையாவது பார்க்கலாம் என்பது அவற்றின் நிலைப்பாடு. அரசு உச்ச நீதிமன்றத்தில் மேன்முறையீடு செய்தது. ஜபல்பூர் வழக்கு எனப்படுவது இதுதான்.

ஐந்து நீதியரசர்கள் அமர்ந்தனர். பிரதம நீதியரசர் ஏ.என். ரே, எச்.ஆர். கன்னா, எம்.எச். பெக், வை.வி. சந்திரசூட், பகவதி. ஐவரில் பதவியில் இளையவர் பகவதி. விசாரணையின்போது கன்னா, அரசுத் தரப்பின் தலைமைச் சட்டவாதியான நிரேன் டேயிடம் ஒரு கேள்வி கேட்டார். பொலிஸ் அதிகாரி ஒருவர் சொந்தப் பகைமையின் காரணமாக ஒருவரைக் கொன்றுவிட்டாலும் அவசரகாலத்தில் பரிகாரம் இல்லையா என்பதே அக்கேள்வி. தமது மனச்சாட்சிக்கே அது அதிர்ச்சி தருவதாயினும், அரசின் வாதத்தின்படி பரிகாரம் இல்லை என்ற கருத்துப்பட நிரேன் டே பதிலளித்தார். மன்றத்தில் அமர்ந்திருந்த ஏனைய நால்வரும் அப்பதிலைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தனர்.

1976 ஏப்ரல் 28ஆம் திகதி தீர்ப்பு வெளியானது. நால்வர் அரசின் பக்கம். அவசரகாலநிலை நீடிக்கும் வரை தடுத்து வைக்கப்பட்டவருக்கு நீதிமன்றத்தின் கதவைத் தட்டும் தகுதியே இல்லை என்றனர். கன்னா மாத்திரம் மாறுபட்டார். அரசியலமைப்பு எழுதப்படுவதற்கு முன்னரும் மனிதரின் உயிரைச் சட்டமின்றிப் பறிக்கும் உரிமை எந்த அரசுக்கும் இருக்கவில்லை என்பது அவரது வாதத்தின் சாரம். பகவதி தனியாக எழுதிய தீர்ப்பில், ஆள் சுதந்திரத்தைத் தாம் எப்போதும் போற்றி வந்ததாகவும், அந்தப் பற்று அரசியலமைப்பின் வாசகத்தைப் படிக்கும் தமது கண்ணை மறைக்க இடமளிக்க இயலாது என்றும் கூறியிருந்தார். அந்தத் தீர்ப்பை இன்று வாசிக்கும் ஒருவருக்கு ஒரு விடயம் புலனாகும். எழுத்தில் தயக்கம் இருக்கிறது. முடிவில் அது இல்லை. தடுப்புக்காவலில் இருந்தவர்களுக்கு வந்து சேர்ந்தது முடிவு மாத்திரமே.

கன்னா அதற்கான விலையைக் கொடுத்தார். 1977 ஜனவரியில் பதவி மூப்பின்படி அவருக்குக் கிடைத்திருக்க வேண்டிய பிரதம நீதியரசர் பதவி பெக்குக்கு வழங்கப்பட்டது. கன்னா பதவி விலகினார். அரசின் பக்கம் நின்ற நால்வரில் ரே அப்போது அப்பதவியிலிருந்து ஓய்வு பெற்றுச் சென்றவர். ஏனைய மூவரும் பின்னர் ஒருவர் பின் ஒருவராக அதே பதவியை அடைந்தனர்.

அவசரகாலநிலை நீங்கி, தேர்தலில் இந்திரா காந்தி தோல்வியுற்று, ஜனதா ஆட்சி ஏற்பட்ட பின்னர் காட்சி மாறியது. 1977 ஜூலையில் இந்திராவின் மருமகள் மேனகா காந்தியின் கடவுச்சீட்டைப் புதிய அரசு பறிமுதல் செய்தது. பொதுநலன் கருதி என்பதைத் தவிர வேறு காரணம் கூறப்படவில்லை. வழக்கில் பிரதான தீர்ப்பை எழுதியவர் பகவதி. 1978 ஜனவரி 25ஆம் திகதி வழங்கப்பட்ட அத்தீர்ப்பு, ஒருவரது சுதந்திரத்தைப் பறிக்க ஏதோவொரு சட்டம் இருந்தால் போதும் என்ற பழைய நிலையை மாற்றியது. சட்டம் வகுக்கும் நடைமுறை நீதியானதாகவும் நியாயமானதாகவும் அமைய வேண்டும். பாதிக்கப்படுபவரின் பக்கம் கேட்கப்பட வேண்டும் என்றது. சென்னை மாகாணத்தில் தடுத்து வைக்கப்பட்டிருந்த கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலனின் வழக்கில் 1950இல் ஏற்பட்ட குறுகிய விளக்கம் இதனால் கைவிடப்பட்டது. உயிர் வாழும் உரிமை பற்றி இந்தியாவில் அதன் பின் எழுந்த வழக்குகள் அனைத்தும் இத்தீர்ப்பின் மீது கட்டப்பட்டவையே எனலாம்.

ஜபல்பூர்த் தீர்ப்புக்கும் மேனகா தீர்ப்புக்கும் இடையில் 21 மாதங்களே கழிந்திருந்தன. ஆட்சியாளர் பலமாக இருந்தபோது ஒன்று, பலமிழந்தபோது மற்றொன்று என்று விமர்சகர்கள் கூறியது வியப்பன்று. 1980 ஜனவரியில் இந்திரா காந்தி மீண்டும் ஆட்சிக்கு வந்ததும், பதவியிலுள்ள நீதியரசராக இருந்துகொண்டே பகவதி அவருக்கு ஒரு பாராட்டுக் கடிதம் எழுதினார். அவரது மன உறுதியையும் தொலைநோக்கையும் புகழ்ந்த அக்கடிதம் பகிரங்கமானபோது சட்டத்தரணிகள் கொதித்தனர். சக நீதியரசர் வி.டி. துல்சாபுர்கரும் இத்தகைய செயல்களால் நீதித்துறை மீதான நம்பிக்கை குலையும் என்று வெளிப்படையாகவே கண்டித்தார். பகவதியின் மீது விழுந்த கறைகளில் ஜபல்பூருக்கு அடுத்து வைக்கத்தக்கது இக்கடிதம்.

ஆயினும் அவரது பெயர் நிலைத்து நிற்கக் காரணமான பணி இதே ஆண்டுகளில்தான் நிகழ்ந்தது. 1979 ஜனவரியில் இந்திய நாளிதழொன்றில், பீகார் மாநிலச் சிறைகளில் விசாரணையின்றி வாடும் கைதிகளைப் பற்றிய கட்டுரைகள் வெளியாகின. எமது வழக்கில் கூறுவதானால் விளக்கமறியல் கைதிகள். இவர்களில் சிலர், குற்றம் நிரூபிக்கப்பட்டால் கிடைக்கக்கூடிய அதியுச்ச தண்டனைக் காலத்தை விடவும் நீண்ட காலம் சிறையில் கழித்திருந்தனர். பிணைப் பணம் கட்ட வழியில்லாதமையே பலரது குற்றம். பெண் சட்டத்தரணியான கபிலா ஹிங்கோரானி அக்கட்டுரைகளை இணைத்து உச்ச நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுவொன்றைத் தாக்கல் செய்தார். கைதிகள் எவரும் அவரது கட்சிக்காரர் அல்லர். எவரும் அவருக்கு அதிகாரம் வழங்கியிருக்கவில்லை. பழைய விதியின்படி மனு வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டிருக்க வேண்டும்.

பகவதி தலைமையிலான அமர்வு அதனை ஏற்றது. ஹுசைனாரா காத்தூன் வழக்கு என்று கைதியொருவரின் பெயராலேயே அது அறியப்படுகிறது. நியாயமான காலத்துக்குள் விசாரிக்கப்படுவது உயிர் வாழும் உரிமையின் ஒரு பகுதி. வசதியற்ற கைதிக்கு அரச செலவில் சட்டத்தரணி அமர்த்தப்பட வேண்டும். பணப் பிணை ஏழையைச் சிறையில் வைக்கும் கருவியாகிவிடக்கூடாது என அடுத்தடுத்துக் கட்டளைகள் பிறந்தன. இவ்வழக்கின் விளைவாகச் சுமார் 40,000 கைதிகள் வெளியே வந்ததாகக் கூறப்படுகிறது. மூன்றாண்டுகளுக்கு முன் கைதிக்கு நீதிமன்றத்தில் நிற்கவே தகுதியில்லை எனக் கூறிய அதே நீதியரசர், கைதி வராமலேயே அவரது வழக்கைக் கேட்டார்.

1981 டிசம்பரில் வழங்கப்பட்ட எஸ்.பி. குப்தா தீர்ப்பில் இதற்கு முறையான கோட்பாட்டு வடிவம் கிடைத்தது. வறுமையாலோ இயலாமையாலோ நீதிமன்றத்துக்கு வர முடியாதவர்களின் சார்பில், சுயநலமின்றிச் செயற்படும் எந்தக் குடிமகனும் வழக்குத் தொடரலாம். கடிதம் ஒன்றே போதுமானது என்று பகவதி எழுதினார். சுவாரசியம் என்னவெனில், அதே தீர்ப்பின் மறுபாதி நீதியரசர் நியமனங்களில் அரசாங்கத்தின் கையை ஓங்கச் செய்தது. மக்களுக்குக் கதவைத் திறந்த தீர்ப்பே ஆட்சியாளருக்கும் ஒரு கதவைத் திறந்துவிட்டது. நியமனம் பற்றிய பகுதியை 1993இல் ஒன்பது நீதியரசர்கள் கொண்ட அமர்வு மாற்றியமைத்தது. வழக்குத் தொடரும் உரிமை பற்றிய பகுதி இன்றும் நிலைத்திருக்கிறது.

1982இல் டெல்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டி நடைபெற்றது. மேம்பாலங்களும் அரங்குகளும் இரவு பகலாக எழுந்தன. அங்கு வேலை செய்தவர்களுக்குச் சட்டப்படி நாளொன்றுக்கு 9 ரூபா 25 சதம் கூலி. ஆட்களைத் திரட்டி வந்த கங்காணிகள் தலைக்கு ஒரு ரூபாவைக் கழித்துக்கொண்டனர். மனித உரிமை அமைப்பொன்றின் கடிதம் பகவதியிடம் வந்தது. பசியின் காரணமாகக் குறைந்த கூலிக்கு உடன்படுபவர் விரும்பி வேலை செய்பவர் அல்லர். சட்டம் விதித்த ஆகக் குறைந்த கூலியை விடக் குறைத்துக் கொடுத்து வேலை வாங்குவது கட்டாய உழைப்பே என அவர் தீர்ப்பளித்தார். கங்காணி முறையின் சுவடுகளை மலையகத்தில் கண்ட எமது வாசகர்களுக்கு அந்த ஒரு ரூபாவின் பொருள் விளக்கத் தேவையற்றது.

அதே ஆண்டில் டெல்லியை அடுத்த ஃபரிதாபாத் பகுதியின் கல்லுடைக்கும் இடங்களில் கொத்தடிமைகளாக வேலை செய்வோர் பற்றிய கடிதமும் கிடைத்தது. நீதிமன்றம் சட்டத்தரணிகள் இருவரை ஆணையாளர்களாக அனுப்பியது. தூசு மண்டிய காற்று, அசுத்தமான நீர், நிமிர்ந்து நிற்க முடியாத குடிசைகள் ஆகியவற்றை அவர்களின் அறிக்கை விபரித்தது. கடிதம் மனுவாகாது, ஆணையாளர் அறிக்கை சாட்சியமாகாது என்று ஹரியானா அரசு எதிர்த்தது. ஏழைகளுக்குப் பணம் செலவழித்துச் சான்று திரட்ட முடியாது; வழக்காடலின் பழைய முறை சம பலமுள்ள இரு தரப்பினருக்கே பொருந்தும் என்பது பகவதியின் பதில். 1983 டிசம்பரில் 21 பணிப்புரைகள் விடுக்கப்பட்டன.

இதே அமர்விலிருந்த நீதியரசர் பதக், தனி நீதியரசர் ஒருவரின் பெயருக்கு அனுப்பப்படும் கடிதங்களை ஏற்பது பற்றி எச்சரித்தார். அந்த எச்சரிக்கையில் நியாயம் இருந்தது. எந்தக் கடிதம் வழக்காகும், எது குப்பைக் கூடைக்குப் போகும் என்பதைத் தீர்மானிப்பவர் யார்? தமக்கு விருப்பமான நீதியரசரைத் தெரிந்து எழுதும் வாய்ப்பு மனுதாரருக்கு இருக்கலாமா? இதனிலும் கடுமையான கேள்வி, தீர்ப்புக்குப் பின்னர் என்ன நடந்தது என்பது. 1991இல் உச்ச நீதிமன்றம் இதே விடயத்தை மீண்டும் ஆராய்ந்தபோது ஹரியானா அரசு பணிப்புரைகளை உரியவாறு நிறைவேற்றவில்லை என்பது தெரியவந்தது. கல்லுடைப்போரின் பெயரால் அரசியலமைப்புச் சட்டம் வளர்ந்த அளவுக்கு அவர்களின் குடிசைகள் உயரவில்லை.

மரண தண்டனை பற்றிய அவரது நிலைப்பாட்டையும் இங்கு குறிப்பிட வேண்டும். 1980இல் பச்சன் சிங் வழக்கில் ஐவரில் நால்வர், மிக அரிதான வழக்குகளில் மாத்திரம் என்ற நிபந்தனையுடன் அத்தண்டனையை ஏற்றனர். பகவதி தனித்து நின்றார். தமது காரணங்களை 1982 ஆகஸ்டிலேயே விரிவாக வெளியிட்டார். ஒருவர் வாழ்வதும் சாவதும் வழக்கு எந்த நீதியரசர்களின் முன் செல்கிறது என்பதைப் பொறுத்திருக்கிறது. தூக்குமேடை ஏறுபவர்கள் பெரும்பாலும் வறியவர்கள் என்பது அவரது வாதம். 1976இல் கன்னா செய்ததை இவ்வழக்கில் பகவதி செய்தார். அதுவும் ஆட்சியாளருக்குப் பெரிதாக வலிக்காத ஒரு வழக்கில் என்று குறை காண்போரும் உளர். தூக்குத் தண்டனைக் கைதிக்கு அந்த வேறுபாடு முக்கியமானதாக இருந்திராது.

சந்திரசூட் ஏழாண்டுகளுக்கு மேல் பிரதம நீதியரசராக நீடித்தமையால், 1985 ஜூலை 12ஆம் திகதி அப்பதவிக்கு வந்த பகவதிக்கு எஞ்சியிருந்தவை 17 மாதங்களே. அவ்வாண்டு நவம்பரில் சட்ட தின உரையில், இந்திய நீதித்துறை ஏறத்தாழச் சரிந்து விழும் நிலையில் இருப்பதாக அவரே கூறினார். பதவியிலுள்ள பிரதம நீதியரசர் ஒருவர் இவ்வாறு பேசுவது அதுவரை கேட்டறியாதது. சட்ட உதவியைத் தேசிய அளவில் ஒழுங்குபடுத்த 1980 முதல் அவர் தலைமையில் இயங்கிய குழுவின் பணி, 1987இல் சட்டப் பணிகள் அதிகாரசபைச் சட்டமாக முழுமை பெற்றது. அப்போது அவர் பதவியில் இல்லை.

ஓய்வு பெற்ற நாளான 1986 டிசம்பர் 20ஆம் திகதி அவர் வழங்கிய இரு தீர்ப்புகள் தனித்துவமானவை. ஒன்று, போபால் துயரம் நிகழ்ந்து ஓராண்டில் டெல்லியின் ஸ்ரீராம் தொழிற்சாலையில் ஏற்பட்ட ஒலியம் வாயுக் கசிவு பற்றியது. ஆபத்தான தொழிலை நடத்துபவர், எவ்வித கவனக்குறைவும் இல்லையெனினும், விளையும் கேட்டுக்கு முழுப் பொறுப்பாளி என்றது அத்தீர்ப்பு. விதிவிலக்குகளைக் கொண்ட பழைய ஆங்கிலேய விதியை அது ஒதுக்கித் தள்ளியது. மற்றையது, பீகார் அரசு சட்டமன்றத்தைப் புறக்கணித்து அவசரச் சட்டங்களைத் திரும்பத் திரும்பப் பிறப்பித்து வந்தமை பற்றியது. 1967க்கும் 1981க்கும் இடையில் அவ்வாறு 256 அவசரச் சட்டங்கள் பிறப்பிக்கப்பட்டிருந்தன. சில 14 ஆண்டுகள் வரை உயிரோடு வைக்கப்பட்டிருந்தன. இதனைத் தேடித் தொகுத்து வழக்கிட்டவர் புனேயைச் சேர்ந்த பொருளியல் பேராசிரியர் டி.சி. வாத்வா. அவருக்கும் பீகாருக்கும் ஆய்வைத் தவிர வேறு தொடர்பில்லை. ஹிங்கோரானிக்காகத் திறந்த கதவின் வழியாகவே அவரும் உள்ளே வந்தார்.

ஓய்வுக்குப் பின்னர் பகவதியின் பணி சர்வதேச அரங்குக்கு மாறியது. 1995 முதல் ஐ.நா. மனித உரிமைகள் குழுவின் உறுப்பினராகவும், 2001இலிருந்து இரண்டாண்டுகள் அதன் தலைவராகவும் விளங்கினார். 2002இல் ஐ.நா. மனித உரிமைகள் உயர் ஆணையாளரின் பிரதிநிதியாக அவுஸ்திரேலியாவின் அகதித் தடுப்பு முகாம்களைப் பார்வையிட்டார். பாலைவனத்து வூமெரா முகாமின் நிலையை அவர் கடுமையாக விமர்சிக்க, கன்பரா அரசாங்கம் அவ்வறிக்கையை நிராகரித்தது. அவர் உறுப்பினராக இருந்த காலத்திலேயே, 2004இல், பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்ப் பெறப்பட்ட குற்ற ஒப்புதல் வாக்குமூலத்தின் பேரில் தண்டிக்கப்பட்ட இலங்கைத் தமிழர் ஒருவரின் முறைப்பாட்டை ஐ.நா. குழு பரிசீலித்தது. வாக்குமூலம் வற்புறுத்திப் பெறப்பட்டது என்பதைக் கைதியே நிரூபிக்க வேண்டும் என்ற விதி நியாயமான விசாரணைக்கு முரணானது என்று முடிவு செய்தது. அம்முடிவை இங்கு நடைமுறைப்படுத்தக் கோரியபோது, குழுவிடம் முறையிடும் உரிமையை வழங்கிய இணைப்பே அரசியலமைப்புக்கு ஒவ்வாதது என 2006 செப்டெம்பரில் எமது உயர் நீதிமன்றம் கூறிவிட்டது.

இந்தியத் தீர்ப்புகள் கொழும்பு நீதிமன்றங்களில் பல்லாண்டுகளாக எடுத்துக்காட்டப்பட்டு வருபவை. எனினும் எமது அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை, பாதிக்கப்பட்டவர் தாமாகவோ சட்டத்தரணி மூலமாகவோ ஒரு மாதத்துக்குள் மனுச் செய்ய வேண்டும் என்கிறது. உயிர் வாழும் உரிமை அடிப்படை உரிமைகளில் வெளிப்படையாகக் குறிப்பிடப்படவும் இல்லை. தடுப்பில் இறந்த ஒருவரின் மனைவி தொடர்ந்த ஸ்ரீயானி சில்வா வழக்கில், 2003இலேயே, அவ்வுரிமை 13ஆம் உறுப்புரையில் உள்ளடங்கியிருப்பதாகவும், இறந்தவருக்காக மனைவி மனுச் செய்யலாம் எனவும் ஏற்கப்பட்டது.

இத்தகைய பின்னணியோடுதான் பகவதி 2007இல் கொழும்பில் பொறுப்பேற்றார். நீதியரசர் நிசங்க உதலாகம தலைமையிலான ஆணைக்குழுவின் பட்டியலில் மூதூரில் பிரெஞ்சுத் தொண்டு நிறுவனத்தின் பணியாளர்கள் 17 பேர் கொல்லப்பட்டமை, திருகோணமலைக் கடற்கரையில் மாணவர்கள் ஐவர் கொல்லப்பட்டமை, கெப்பித்திகொல்லாவையில் பஸ் மீதான குண்டுத்தாக்குதல், வெளிவிவகார அமைச்சர் லக்ஷ்மன் கதிர்காமரின் கொலை, பாராளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கத்தின் கொலை ஆகியன இடம்பெற்றிருந்தன. முக்கியஸ்தர்கள் குழுவுக்கு விசாரிக்கும் அதிகாரம் இல்லை. அவதானித்து ஆலோசனை கூறலாம், அவ்வளவே. பொதுநல வழக்கில் ஆணையாளரை அனுப்பி அறிக்கை பெற்ற நீதியரசர் இங்கு பார்வையாளர் ஆசனத்தில் அமர்ந்திருந்தார்.

குழுவின் பகிரங்க அறிக்கைகள் ஒரே விடயங்களையே மீண்டும் மீண்டும் சுட்டின. விசாரணைகளில் அரச தரப்புக்கு முன்னர் ஆலோசனை வழங்கிய சட்டமா அதிபர் திணைக்களமே ஆணைக்குழுவில் சாட்சிகளை நெறிப்படுத்துவது நல முரண்பாடாகும் என்றது குழு. திணைக்களம் அதனை மறுத்தது. சாட்சிகளைப் பாதுகாக்கச் சட்டமும் இல்லை, பயனுள்ள ஏற்பாடும் இல்லை என்பது மற்றைய குறை. அச்சத்தில் வாழும் சாட்சி கடிதம் எழுதுவார் என்று எதிர்பார்க்க முடியாது. வாசல் திறந்திருந்தாலும், அதனை நோக்கி நடந்து வரும் பாதை பாதுகாப்பாக இல்லையெனில் எவரும் வரமாட்டார்கள். பீகார் சிறைகளின் வழக்கில் எழாத சிக்கல் இது. அங்கு கைதிகள் மறக்கப்பட்டிருந்தனர், இங்கு சாட்சிகள் தேடப்பட்டனர்.

2008 மார்ச்சில் தமது பணியை முடித்துக்கொள்வதாக முக்கியஸ்தர்கள் குழு அறிவித்தது. நடவடிக்கைகள் சர்வதேச நியமங்களை எட்டவில்லை, உண்மையைக் கண்டறிவதற்கான அரசியல் விருப்பும் நிறுவன ரீதியான விருப்பும் காணப்படவில்லை என்பது அதன் முடிவு. அரசாங்கம் அக்குற்றச்சாட்டுகளை நிராகரித்தது. குழுவில் பகவதியுடன் பணியாற்றிய இந்தோனேசியாவின் மர்சூகி தருஸ்மன் பின்னர் 2010இல் ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழுவுக்குத் தலைமை தாங்கியவர். உதலாகம ஆணைக்குழு 16 சம்பவங்களில் ஏழினை மாத்திரமே விசாரித்த நிலையில் 2009இல் அதன் காலம் முடிவுற்றது. அறிக்கை 2015 ஒக்டோபரிலேயே பாராளுமன்றத்தில் சமர்ப்பிக்கப்பட்டது. திருகோணமலை மாணவர் கொலை வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்ட பாதுகாப்புப் படையினர் 2019 ஜூலையில் போதிய சான்றில்லை என விடுவிக்கப்பட்டனர்.

பகவதி மீண்டும் செய்தியில் அடிபட்டது 2011இல். அப்போது அவருக்கு வயது 89. ஜபல்பூர் வழக்கில் தாம் எடுத்த முடிவு தவறானது என்று நேர்காணலொன்றில் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். தொடக்கத்தில் தமக்கு அரசின் வாதத்தில் உடன்பாடு இருக்கவில்லை என்றும், ஏனைய நீதியரசர்களின் வற்புறுத்தலுக்கு இணங்கியது தமது பலவீனம் என்றும், அதே வழக்கு மீண்டும் வந்தால் கன்னாவின் பக்கமே நிற்பார் என்றும் கூறினார். 35 ஆண்டுகள் கழித்து வந்த வருத்தம் காலங்கடந்தது என்றனர் சிலர். கன்னா 2008இலேயே காலமாகிவிட்டார். எனினும் அத்தீர்ப்பில் அரசின் பக்கம் நின்ற நால்வரில் இவ்வளவு தெளிவாகத் தம்மையே குற்றஞ்சாட்டிக்கொண்டவர் வேறெவருமில்லை. அவரது பிற்காலத் தீர்ப்புகள் அனைத்தும் அந்த ஏப்ரல் நாளுக்கான பிராயச்சித்தம் என்று கூறுவதுண்டு. அது முழுமையான விளக்கம் அன்று. 1970இலேயே குஜராத்தில் சட்ட உதவி பற்றி எழுதியவருக்கு ஏழைகள் மீதான அக்கறை 1976க்குப் பின் புதிதாகப் பிறக்கவில்லை. அவருக்கு அக்கறை இருந்தது. ஒரு நாள் துணிவு இல்லாமற் போனது.

2017 ஜூன் 15ஆம் திகதி டெல்லியில் தமது 95ஆவது வயதில் பகவதி காலமானார். சரியாக 70 நாட்கள் கழித்து, ஓகஸ்ட் 24ஆம் திகதி, ஒன்பது நீதியரசர்கள் கொண்ட அமர்வு அந்தரங்க உரிமை பற்றிய தீர்ப்பை வழங்கியது. அதில் ஜபல்பூர்த் தீர்ப்பு தவறானது எனக் கூறப்பட்டு இரத்துச் செய்யப்பட்டது. அப்பகுதியை எழுதியவர் டி.வை. சந்திரசூட்; 1976இல் பகவதியுடன் அமர்ந்து அதே தீர்ப்பில் கையொப்பமிட்ட வை.வி. சந்திரசூட்டின் மகன். வழக்கைத் தொடுத்தவர் கர்நாடக மேல் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதியரசர் கே.எஸ். புட்டசாமி. 2012இல் ஆதார் அடையாள அட்டைத் திட்டத்தை எதிர்த்து அவர் தாக்கல் செய்திருந்தது ஒரு பொதுநல மனு.